காற்றுக் குமிழியை வரைந்த மாணவி

ஒன்பதாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பது நோட்டிலும் நுண்ணோக்கியில் பார்த்து வரையச் சொன்ன அதே வெங்காயத் தோல். செங்கல் அடுக்கியது போல ஒரே அளவில் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பொட்டு வைத்தாற்போல் உட்கரு. சிலர் பச்சைப் புள்ளிகளும் வைத்திருந்தார்கள். வெங்காயச் செதிலில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் கிடையாது. தாவர செல்லில் பசுங்கணிகம் உண்டு என்று படித்ததை வரைந்திருக்கிறார்கள். ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் செல்களின் மேலே தடித்த கறுப்பு விளிம்போடு ஒரு பெரிய வட்டம். பக்கத்தில் பென்சிலால், "இது என்னவென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். அது காற்றுக் குமிழி. தவறு என்று அடிக்கப் பேனா போய்விட்டது. பிறகுதான் உறைத்தது: கண்ணால் கண்டதை வரைந்தவள் அவள் ஒருத்திதான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் ஆய்வகத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். நம் பிள்ளைகள் செல்லைப் பார்ப்பதில்லை. செல்லின் படத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆசிரியர் ஒரு ஸ்லைடைத் தயார் செய்து, ஃபோகஸ் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். பிள்ளைகள் வரிசையில் வந்து பத்து நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பலருக்குத் தங்கள் கண்ணிமையின் நிழல்தான் தெரிந்திருக்கும். "தெரிகிறதா?" என்றால் எல்லோரும் "தெரிகிறது" என்பார்கள். இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

ஸ்லைடை அவர்களே செய்யட்டும். வெங்காயச் செதிலின் உட்புறத்தில் கண்ணாடித் தாள் போன்ற சவ்வு இருக்கிறது. செதிலை ஒடித்து மெல்ல இழுத்தால் உரிந்து வரும். உடனே தண்ணீரில் போட வேண்டும்; இல்லையென்றால் சுருண்டு காய்ந்துவிடும். நகக்கண் அளவு நறுக்கி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டில் ஓரிரு நிமிடம் வைத்து, அதிகச் சாயத்தைக் கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் மடிப்பில்லாமல் விரிக்க வேண்டும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, ஊசியால் தாங்கி, மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் குமிழி வரும். முதல் முறை வரட்டும். கறுப்பு விளிம்பு எதனால் வந்தது என்று ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை அதன் பிறகு குமிழியைச் செல் என்று நினைக்காது.

இப்போது பார்க்கச் சொல்லுங்கள். பல செல்களில் உட்கரு நடுவில் இருக்காது, சுவரோரம் ஒதுங்கியிருக்கும். செல்லின் பெரும்பகுதியைச் சாறு நிறைந்த நுண்குமிழ் (வேக்குவோல்; காற்றுக் குமிழி அல்ல) அடைத்துக்கொண்டு, செல்லின் கூழ்ப்பொருளான சைட்டோபிளாசத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. இதை நாம் சொல்வதற்குள், "ஏன் சார் ஓரத்தில் இருக்கிறது?" என்று கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.

கருவியைக் கையாளும் முறையை முன்பே சொல்லிவிட வேண்டும். முதலில் 10 மடங்கு பொருளருகு லென்ஸ். கண்ணருகு லென்ஸும் 10 என்றால் மொத்தம் 100 மடங்கு. லென்ஸை ஸ்லைடை நோக்கி இறக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். கண்ணை வைத்தபின் மேலே ஏற்றித்தான் தெளிவு தேட வேண்டும். 45 மடங்கு லென்ஸுக்கு மாறியதும் லென்ஸை வேகமாக ஏற்றி இறக்கும் பெரிய திருகைத் தொடவே கூடாது. உடைந்த கவர் ஸ்லிப்புகளும் கீறல் விழுந்த லென்ஸ்களும் பெரும்பாலும் இந்த ஒரு தவறில் வந்தவை. லென்ஸைக் கைக்குட்டையால் துடைக்க வேண்டாம். ஈரமான அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். பயன்படுத்தாமல் பாதுகாத்த கருவிகளே அப்படிப் பாழாவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இதை ஒவ்வொரு ஆசிரியரும் கவனிக்க வேண்டும்: கண்ணாடியால் ஒளி வாங்கும் நுண்ணோக்கியில் நேரடிச் சூரிய ஒளியை ஒருபோதும் திருப்பக் கூடாது. விழித்திரை கருகிவிடும். சன்னல் வெளிச்சமோ விளக்கோ போதும். பார்ப்பதற்காகக் கன்னத்தின் உட்புறச் செல் எடுக்கும்போது ஆளுக்கொரு புதிய பல்குச்சி. மழுங்கிய முனையால் லேசாக வருடி எடுத்து, உடனே குப்பையில் போட்டுவிட வேண்டும்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டது வெற்று அறைகளை. உயிர் போன செல்களின் சுவர்கள் அவை. நம் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட வேண்டாம். குளத்திலோ மீன்தொட்டியிலோ கிடைக்கும் ஹைட்ரில்லா இலையைச் சாயமில்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். நடுநரம்பை ஒட்டிய செல்களில் பொறுமையாகப் பார்த்தால், பசுங்கணிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரம் ஊர்ந்து சுற்றிவருவது தெரியும். செல்லுக்கு உயிர் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பிள்ளைக்கும் காட்டியதில்லை.

நுண்ணோக்கி போதாத பள்ளிகளுக்கு ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி உதவும். வெங்காயச் செல்லைப் பார்க்க அது தாராளமாகப் போதும்.

என் வகுப்பில் இப்போது புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுத்தான் வரைய வேண்டும். படத்தின் கீழ் எத்தனை மடங்கு என்று எழுத வேண்டும். புத்தகப் படத்தில் இல்லாத எதைப் பார்த்தாய் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். போன வாரம் ஒரு பையன் எழுதியிருந்தான்: "மூன்று செல்களில் உட்கரு தெரியவில்லை. சாயம் ஏறவில்லையா, மடிப்பில் மறைந்ததா என்று தெரியவில்லை. நாளை வேறு தோல் உரித்துப் பார்க்க வேண்டும்." முழு மதிப்பெண் போட்டு, அவனுக்காக ஒரு வெங்காயம் எடுத்து வைத்தேன்.