நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஆம்பூர், ஆரணி, குடியாத்தம் என்று சுற்றி, கடைசியில் வேலூரிலிருந்து 2024ல் ஓய்வு பெற்றேன். ஜூன், ஜூலை வந்தால் கடன் பிரிவில் என் மேசைக்கு எதிரே ஒரே காட்சிதான். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், மடியில் சான்றிதழ் பை. பக்கத்தில் அம்மா. கல்லூரிக்குப் போகப்போகிற பிள்ளை மட்டும் இருவருக்கும் பின்னால் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும். "என்ன கோர்ஸ்மா?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டால், பதில் அப்பாவிடமிருந்து வரும். "அதுக்கு இன்னா சார் தெரியும், நான் சொல்றேன்."

நானும் அப்படிப் பின்னால் நின்றவன்தான். 1981ல் பிளஸ் டூ முடித்து வேலூர் ஊரிசு கல்லூரியில் சேர்ந்தேன். குடியாத்தத்தில் அப்பாவுக்குக் கைத்தறி, லுங்கி நெய்வார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குத் தயாராவது என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டு புது பேண்ட், ஒரு பேனா, சித்தப்பா கொடுத்த பழைய வாட்ச். பணம் கட்டின அன்று அப்பா கவுன்ட்டரில் நின்றார். நான் பின்னால் நின்று போகிற வருகிற பையன்களின் காலர் எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. இரண்டாம் வருடம் வட்டி கட்ட முடியாமல் அது முழுகிப் போனது. எனக்கு விஷயம் தெரிந்தது தங்கை கல்யாணத்துக்கு நகை எண்ணியபோதுதான். சினிமாவுக்கும் டீக்கடைக்கும் அந்த மூன்று வருடத்தில் நான் கொடுத்ததைக் கூட்டினால் வட்டியில் பாதியாவது தேறியிருக்கும். ஆனால் கட்டவேண்டிய வட்டி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தப் பையன் இன்றைக்குப் பதினேழு வயதில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், படிப்பைப் பற்றி அவனிடம் ஒன்றும் பேசமாட்டேன். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "டேய், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு" என்பேன். மீதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உட்காரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்விக் கடன் உன் பெயரில் வரும் கடன். அப்பா கூட்டுக் கடன்தாரர், அவ்வளவுதான். இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்றால் அவர் கையெழுத்துப் போடுவார். பதினெட்டு முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டு, 'இந்தக் கடனை நான் ஏற்கிறேன்' என்று எழுதி வாங்குவோம். அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆம்பூரில் இருந்தபோது ஒரு இளைஞர் பைக் கடன் கேட்டு வந்தார். ஷூ கம்பெனியில் மேற்பார்வையாளர், நல்ல சம்பளம். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்தால் சிவப்பு. "நான் கடனே வாங்கினது இல்ல சார்" என்று அடித்துச் சொன்னார். கல்விக் கடன் மூன்று வருடமாக நிலுவையில் கிடந்தது. அப்பா கட்டுகிறார் என்று மகன் நினைத்திருக்கிறார். தேர்தல் வருகிறது, தள்ளுபடி ஆகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அப்பா விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள், இதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். பொதுத்துறை வங்கிகளில் நான்கு லட்சம் வரை கைப்பணம் போடவேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீனும் தேவையில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்டவேண்டாம். இதைக் கேட்டதும் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள். முதல் வருடம் வாங்கிய லட்சம் ஐந்து வருடம் தூங்கும், தனி வட்டியே ஐம்பதாயிரம். இரண்டாவது லட்சத்துக்கு நாற்பது, மூன்றாவதற்கு முப்பது, நான்காவதற்கு இருபது. ஆக 1,40,000 ரூபாய். இது அசலோடு சேர்ந்துகொள்ளும். நீ வாங்கியது நான்கு லட்சம், தவணை தொடங்கும் நாளில் உன் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால் அதே தவணை சுமார் 5,290தான் வரும். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கவும் திட்டத்தில் இடமுண்டு. கேட்டால்தான் தெரியும். எங்கள் ஆட்கள் தாங்களாகச் சொல்வது குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு, தவணை தொடங்கும்வரை ஓடும் வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் பொதுவாக, கல்லூரிகளையும் படிப்புகளையும் மதிப்பிடும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் தரச்சான்று வேண்டும். கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஏ.சி. இருக்கிறதா, பஸ் எத்தனை ஓடுகிறது என்றெல்லாம் விசாரிப்பார்கள். தரச்சான்று உண்டா, எந்த வருடம் வரை செல்லும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு கேள்வியில் 1,40,000 ரூபாய் அடங்கியிருக்கிறது.

சரி, கட்டணப் பட்டியல். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள், தனியார் கல்லூரி ஒன்றில் மருத்துவம் சார்ந்த படிப்பில் நேரடியாகச் சேர்ந்திருந்தாள். வழக்கம்போல அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். நான் உட்காரச் சொன்னேன். அப்பாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கல்லூரி கொடுத்த காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, "இதுல என்னம்மா இல்ல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "பஸ் ஃபீஸ் இல்ல சார். எக்ஸாம் ஃபீஸும் இல்ல. யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு அங்கியே வாங்கணும்னாங்க." அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அட்மிஷன் அன்று அவரும் கூட இருந்தவர்தான், அவர் காதில் இதெல்லாம் விழவில்லை. வேண்டிய எல்லாவற்றையும் வருடவாரியாகப் போட்டு, கல்லூரி முத்திரையோடு வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். காகிதத்தில் எழுபதாயிரமாக இருந்தது லட்சத்தைத் தொட்டது. முதல் வருடம் விட்டுப்போனால் பிறகு கடன் தொகையை ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கந்துவட்டிக்காரர்தான் நிரப்புவார்.

கவுன்சலிங்கில் சேருகிறவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021லிருந்து இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை. இரண்டுமே நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. இது தெரியாமல், கவுன்சலிங் தொடங்கும் முன்பே, "சீட்டு போயிடும், இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்று ஒரு ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு ஒரிஜினல் சான்றிதழ்களோடு பணத்தையும் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரவேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018லேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் விலகினால் எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே இருக்கிறது. கொடுக்க மறுத்தால் இந்த அறிவிப்பைச் சொல்லிக் கேள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

பெயர் விஷயம் சின்னதுதான், ஆனால் மாதக் கணக்கில் இழுத்தடிக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பான் கார்டில் வேறு எழுத்து. நம் ஊருக்கென்று கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபிறகும் ஆம்பூர்க்காரர், வாலாஜாக்காரர் ஆதாரில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். தாத்தாவின் பத்திரத்தில் அதற்கும் பழைய பெயர், வடஆற்காடு. பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஏப்ரல் மாத வெயிலில் இ-சேவை மையத்தில் கூட்டம் குறைவு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே மற்றதெல்லாம் இருக்கும்படி அப்போதே மாற்றிவிடு. வருமானச் சான்றிதழையும் கையோடு விண்ணப்பித்துவிடு. ஜூனில் போனால் வரிசை வாசல் தாண்டி நிற்கும்.

அணைக்கட்டுப் பெண்ணின் கல்லூரிக்குத் தரச்சான்று இல்லை. வட்டி மானியம் கிடைக்காது என்று சொன்னபோது அவள் அப்பா எழுந்துவிட்டார். அவள் எழவில்லை. "முதல் லட்சத்துக்கு மாசம் எவ்ளோ சார் வட்டி?" என்று கேட்டாள். பத்து சதவீதத்துக்கு 833 ரூபாய் என்றேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, 2022லிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024ல் தொடங்கியது. அவளுக்கு அந்த ஆயிரம் எங்கள் கிளைக் கணக்கில்தான் விழுந்தது. மாதாமாதம் 833 எடுத்துக் கடன் கணக்கில் போட ஒரு நிரந்தர உத்தரவு எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் வருடம் வட்டி இரட்டிப்பானது, ஆயிரம் போதவில்லை. மீதியை அப்பா வந்து கட்டினார். கவுன்ட்டரில் சலானை நிரப்பத் தெரியாமல் முதல் தடவை என்னிடம் கொண்டுவந்தார், "பொண்ணு சொல்லிட்டா சார், தேதி தப்பக் கூடாதாம்."