பட்டியில் பெரியவன் முதலில் போகிறான்

இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை வெள்ளாடு வளர்க்கிறார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், கட்டைகள் மேல் நிற்கும் சின்னப் பரண்தான் பட்டி. ஐந்து பெட்டைகள், ஏழெட்டுக் குட்டிகள். போன ஐப்பசியில் போயிருந்தபோது, தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு கிடாய்க் குட்டிகளை அளந்து பார்த்தேன். தராசு இல்லாத வீட்டில் ஆட்டின் எடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்தச் சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அதைத் தோள் முனையிலிருந்து இடுப்பெலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோக் கணக்கு வந்துவிடும்.

கறுப்பனுக்கு நெஞ்சு 60, நீளம் 55. பதினெட்டு கிலோவுக்குச் சற்று மேல். செவலைக்கு 54, 50. பதின்மூன்றரை கிலோ.

"கறுப்பனைத் தீபாவளிக்குப் பேசிட்டாங்க தம்பி" என்றார் அத்தை. "பெரியவன்தானே நல்ல விலைக்குப் போவான். செவலை இருக்கட்டும், பெட்டைகளுக்கு ஆகும்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அத்தை மட்டும் இப்படிச் செய்வதில்லை. தீபாவளிக்கும் முனியாண்டி கோயில் பூசைக்கும் மலையகம் முழுக்க இதுதான் வழக்கம். நன்றாக வளர்ந்த கிடாய் முதலில் போகும், வளராதது மிஞ்சும். அடுத்த வருசத்துக் குட்டிகளுக்கெல்லாம் மிஞ்சியதுதான் தகப்பன். இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது என்றால் ஏதோ ஆய்வுகூடத்து வேலை என்று நினைக்கிறோம். ஆனால் எந்தக் கிடாயை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் ஒவ்வொருவரும் அதைத்தான் செய்கிறார்கள். நாம் பல தலைமுறைகளாக அதைத் தலைகீழாகச் செய்துவருகிறோம்.

இதில் எவ்வளவு நட்டம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஆடுகளின் எடை வேறுபட்டால் அந்த வேறுபாடு முழுவதும் இரத்தத்தால் வந்ததாகாது. தாயின் பால், தீனி, குடற்புழு, மழை எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. வளர்ச்சியைப் பொறுத்தவரை, பரம்பரையின் பங்கை ஏறக்குறைய கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பனுக்கும் செவலைக்கும் கிட்டத்தட்ட ஐந்து கிலோ வித்தியாசம். அதில் கால்வாசி, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தகப்பன் தன் மரபணுக்களில் பாதியைத்தான் குட்டிக்குக் கொடுக்கும் என்பதால் அதிலும் பாதி, அதாவது குட்டிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு கிடாய் லயத்தில் உள்ள எல்லா வீட்டுப் பெட்டைகளுக்கும் போகிறது. வருசத்துக்கு முப்பது குட்டி என்றால் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். ஒரு பிடி புல் கூடுதலாக அறுக்காமல், கிட்டத்தட்ட இன்னொரு ஆடு. அடுத்த தலைமுறையில் அதன்மேல் மறுபடியும் கூடும், அல்லது நம் வழக்கப்படி குறையும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். செவலை இரட்டையில் ஒன்று, கறுப்பன் ஒற்றை. ஒற்றையாகப் பிறந்த குட்டிக்குத் தாயின் பால் முழுவதும் கிடைக்கும். செவலை சிறுத்துப்போனதற்குக் காரணம் இரத்தமாக இல்லாமல் பாலாகவும் இருக்கலாம். அதனால் தேர்வு செய்யும்போது ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுவதுதான் நியாயம்.

இதை முதலில் தொழிலாகவே செய்து காட்டியவர்களில் ஒருவர் ராபர்ட் பேக்வெல். இங்கிலாந்தின் லெஸ்டர் மாவட்டத்து விவசாயி, 1725இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் கிடாயும் பெட்டையும் ஒரே மந்தையாக மேய்ந்து தம் இஷ்டப்படி இணைந்தன. அவர் இரண்டையும் பிரித்து, தான் தேர்ந்தெடுத்த கிடாயைத் தேர்ந்தெடுத்த பெட்டையோடு மட்டும் சேர்த்தார். நல்ல செம்மறிக் கிடாய்களை அவர் விற்பதில்லை, ஒரு பருவத்துக்கு வாடகைக்குத்தான் விடுவார். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஊரெல்லாம் அதன் குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்து, எந்தக் கிடாய் உண்மையில் நல்லது என்று அவரால் கண்டுகொள்ள முடிந்தது. நல்லது என்று தெரியும்போது அந்தக் கிடாய் கறியாகிவிடாமல் கையில் இருந்தது.

அவர் உருவாக்கிய லெஸ்டர் இனத்துக் கிடாய் நம் மலைக்கும் வந்திருக்கிறது. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஒரு ஆங்கிலப் பண்ணைக் குடியிருப்பை அமைக்க வந்தபோது சவுத்டவுன், லெஸ்டர், காட்ஸ்வோல்ட் என்று மூன்று கிடாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார். ஆனால் செம்மறி மலையில் நிலைக்கவில்லை. இலங்கையில் இன்று செம்மறியை அதிகம் பார்ப்பது வடக்கிலும் உலர் வலயத்திலும்தான். பத்தனை எனப்படும் மலைப் புல்வெளி பார்க்கப் பச்சை, ஆனால் அதன் மண் புளிப்பு மண், பொசுபரசு குறைவு, புல்லும் முரடு. எவ்வளவு நல்ல இரத்தமானாலும் தட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் வளராது.

தீனி எப்படிச் சதையாகிறது? ஆட்டின் முதல் வயிறு ஒரு புளிக்கவைக்கும் பானை மாதிரி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை உடைத்து அமிலங்களாக்குகின்றன. அவைதான் ஆட்டுக்கு எரிபொருள். அந்த நுண்ணுயிர்களே கீழ்க் குடலுக்குப் போய்ச் செரிமானமாகி ஆட்டுக்குப் புரதமாகின்றன. ஆக, ஆட்டுக்குத் தீனி போடுவது என்றால் முதலில் அந்த நுண்ணுயிர்களுக்குப் போடுவது. புல்லின் உலர் எடையில் ஏழு சதவீதத்துக்குக் குறைவாகப் புரதம் இருந்தால் அவை பெருக முடியாது. நார் உடையாமல் வயிற்றிலேயே தங்கிவிடும், ஆடு தின்பதைக் குறைத்துவிடும். முற்றிய மானாப் புல்லும் முற்றிப்போன குவாத்தமாலாப் புல்லும் செய்வது இதுதான். வயிறு பானை மாதிரி உப்பியிருக்கும், முதுகெலும்பு தெரியும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து நம் கொழுந்து மலையிலேயே, தேயிலைக்கு நடுவிலேயே நிற்கிறது. கிளிரிசீடியா மரத்து இலையின் உலர் எடையில் இருபது சதவீதத்துக்கு மேல் புரதம். புதிதாகப் போட்டால் சில ஆடுகள் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையில் வெட்டி மாலை வரை வாடவிட்டுப் போட்டால் தின்னும். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லையும் நாற்பது, ஐம்பது நாளில் இளசாக அறுத்தால்தான் சத்து. ஆளுயரம் வளரட்டும் என்று விட்டால் கிடைப்பது நார்தான். அப்புறம் ஒரு கை தேங்காய்ப் புண்ணாக்கு. விசேஷ நாளில் மிஞ்சிய சோற்றை மட்டும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். மாச்சத்து திடீரென்று குவிந்தால் வயிற்றில் புளிப்பு ஏறி ஒரே இரவில் ஆடு செத்துவிடும்.

செம்மறி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்மறியின் ஈரலுக்குச் செம்புச் சத்தை வெளியேற்றும் திறன் குறைவு, அது உள்ளேயே சேர்ந்துகொண்டு போய் ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது உண்டு. அப்படி அடித்த மலையில் அறுத்த புல் செம்மறிக்கு ஆகாது, மாட்டுக்கென்று செம்பு சேர்த்த தீவனமும் அதற்கு ஆகாது.

சரி, கறிக்கு வருவோம். உடல் ஒரு வரிசையில்தான் வளரும்: முதலில் எலும்பு, பிறகு சதை, கடைசியில் கொழுப்பு. குட்டிப் பருவத்தில் பட்டினி கிடந்த ஆட்டுக்குச் சதை வைக்க வேண்டிய மாதங்கள் வீணாகிவிடும். பிறகு தீனி போட்டால் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் அதற்குள் வயதாகிவிடுகிறது. வயதான ஆட்டின் சதையைக் கட்டும் இணைப்பு நார் இறுகிப்போய் எளிதில் கரையாது. பத்து விசில் விட்டும் வேகாத கறி பெரும்பாலும் கிழ ஆட்டினுடையது.

சதையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்துண்டு. 1983இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பின்தொடை அபாரமாகப் புடைத்த ஒரு செம்மறிக் கிடாய் பிறந்தது. மரபணுத் தொடரில் ஒரே ஒரு எழுத்து மாறியதன் விளைவு அது. கொழுப்பு குறைவு, சதை ஏராளம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சமைத்துப் பார்த்தால் முதுகுக் கறி மெல்ல முடியவில்லை. அறுத்த பிறகு சதைக்குள் உள்ள நொதிகள் நார்களை மெல்ல அறுத்துக் கறியை மென்மையாக்கும். அந்தக் கிடாயின் வழிவந்த ஆடுகளின் சதையிலோ அந்த நொதிகளைத் தடுக்கும் பொருள் மிக அதிகம்.

வளர்ப்பில் செய்த நன்மையைக் கடைசி நாளில் கெடுத்துவிடவும் முடியும். சதையில் சேமித்த சர்க்கரை, அறுத்த பிறகு அமிலமாக மாறிக் கறியின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை ஏழிலிருந்து ஐந்தரைப் பக்கம் இறக்குகிறது. நிறமும் தாங்கும் தன்மையும் அதனால்தான் வருகின்றன. காலைக் கட்டி ஆட்டோவில் திணித்து, இரவெல்லாம் பட்டினியாகக் கத்தவிட்டால் அந்தச் சர்க்கரை உயிரோடு இருக்கும்போதே தீர்ந்துவிடும். கறி கறுத்து, ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் கெடும். அந்த ஆட்டின் பயமே கறியில் எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அறுத்தவுடன் கறியை ஃப்ரீசரில் தள்ளுவதும் தவறு. சதை விறைக்கும் முன் பத்து பாகை செல்சியசுக்குக் கீழே போனால் நார்கள் சுருண்டு இறுகிவிடும். மேலே கொழுப்புப் போர்வை இல்லாத நம் சிறிய வெள்ளாட்டுக்கு, நுவரெலியாவின் தை மாத இரவுக் குளிரே அதைச் செய்யப் போதும்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். கறுப்பனை நிறுத்த முடியவில்லை, முன்பணம் வாங்கியாகிவிட்டது, அந்தப் பணத்துக்கு வேலையும் இருந்தது. பணம் அவசரமாகத் தேவைப்படும் வீட்டில் பெரிய கிடாயை வைத்துக்கொள்ளச் சொல்வது எளிதல்ல. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வைத்துக்கொண்டு, இரண்டு வருசத்துக்கு ஒருமுறை தோட்டத்தின் பக்கத்துப் பிரிவான அடுத்த டிவிஷன்காரர்களோடு மாற்றிக்கொண்டால்தான் அது நடக்கும். மாற்றாவிட்டால் தகப்பன் தன் மகளோடே சேர்ந்து, குட்டிகள் சோடையாகும்.

ஆனால் கறுப்பனின் இரத்தத்தில் பாதி இன்னும் பட்டியில்தான் இருக்கிறது. அவன் தாய் ஆடியில் பருவத்துக்கு வந்தபோது, கீழ் லயத்தில் இருக்கும் நெடிய கிடாயிடம் கூட்டிப் போனார்களாம். சினை ஐந்து மாதம், மார்கழியில் போடும். தினமும் மாலையில் அதற்குத் தனியாக ஒரு கட்டு வாடிய கிளிரிசீடியா போடுகிறார் அத்தை. கிடாய்க் குட்டி பிறந்தால் விலை பேச வருபவர்களிடம் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறார். தையல் டேப்பும் பட்டிக் கதவிலேயே தொங்குகிறது.