கூரையில் கம்பம் எழும்போது கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், கூரையில் கையடக்கத் தொலைபேசிக் கம்பம் நிற்கும் ஐந்து மாடித் தொடர்மாடிக்குப் போயிருந்தேன். மேல்மாடி வீட்டு அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்தக் கோபுரத்தால் புற்றுநோய் வருமா?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன்பே என் கண் அவர் வீட்டு உட்கூரைக்குப் போய்விட்டது. சாயத்தேநீர் சிந்தியதுபோல் நடுவில் ஒரு பழுப்புக் கறை. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். தொலைபேசி நிறுவனம் ஒன்று நிறுத்தியிருந்த கம்பத்தின் அடித்தகட்டிலிருந்து நான்கு போல்ட்டுகள் நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைத்துக்கொண்டு கொங்கிறீட்டுக்குள் இறங்கியிருந்தன. ஒன்றின் தலை உப்புக்காற்றில் துருவேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. தகடு நின்றது பாரத்தைத் தாங்கும் தூணின் மேலும் அல்ல, தூண்களை இணைக்கும் வளையின் மேலும் அல்ல. இரண்டு வளைகளுக்கு இடையே, கூரையின் கொங்கிறீட் தட்டின் நட்டநடுவில்.

கட்டமைப்புப் பொறியியலாளர் என்ற முறையில் கொழும்பில் இப்படிப் பல கூரைகளில் ஏறியிருக்கிறேன். கோபுரம் என்றவுடன் நம்மவர்கள் கதிர்வீச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிலேயே நின்றுவிடுவதால், சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இது. கையடக்கத் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது எக்ஸ் கதிர் போன்றதல்ல. வானொலி அலைகளின் இனம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இவ்வகை அலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவாக இருக்கும்போது கொடுக்கப்படும் வகைப்பாடு அது. பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டி எல்லை 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், 1800 இல் 9 வாட். அன்டெனா தன் அலையைக் கலங்கரை விளக்கின் ஒளிபோல் பக்கவாட்டில் எறிகிறது. நேர் கீழே விழுவது சிறு பங்குதான். எனவே கம்பத்தின் கீழே வசிப்பவரைவிட, ஒழுங்கைக்கு அப்பால் அதே உயரத்தில் ஜன்னல் வைத்திருப்பவர்தான் அளவீடு கேட்க வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து மற்றதைக் கைநீட்டித் தொடலாம்போல் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இது சின்ன விடயமல்ல. அலைவரிசைகளுக்குப் பொறுப்பான தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனிக் கூரைக்கு வருவோம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், காணியின் மீதோ, அதற்கு மேலோ, கீழோ செய்யப்படும் கட்டுமானத்தையும் பொறியியல் வேலையையும் 'அபிவிருத்தி நடவடிக்கை' என்கிறது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அனுமதி இல்லாமல் கட்டினாலும், பெற்ற அனுமதிக்கு மாறாகக் கட்டினாலும், நிறுத்தவும் அகற்றவும் உத்தரவிடும் அதிகாரம் 28அ பிரிவில் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாநகர எல்லைக்குள் மாநகர சபை, உயரத்தைப் பொறுத்து சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை என்று வேறு படிகளும் உண்டு. இரத்மலானை விமான நிலைய ஓடுபாதை நமக்குத் தூரமில்லை.

தொடர்மாடிகளில் இன்னொரு கேள்வி இருக்கிறது: கூரை யாருடையது? 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவான கூட்டாதனக் கட்டடத்தில், அதாவது வீடுகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமான தொடர்மாடியில், தூண், வளை, கூரை எல்லாம் பொதுக்கூறுகள். கட்டியவரோ மேல்மாடிக்காரரோ தனியாகக் கையெழுத்திட்டு அதை வாடகைக்குக் கொடுக்க முடியாது. வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கூடி முடிவெடுக்க வேண்டும். வாடகை அதன் கணக்குக்கு வர வேண்டும். மாதாமாதம் வரும் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் இருபது குடும்பங்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது அநியாயம்.

காற்றையும் நினைக்க வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்த பிறகு நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கொழும்பு மூன்றாவது வலயம். அங்கே கணக்கில் எடுக்க வேண்டிய காற்று வேகம் சாதாரணக் கட்டடத்துக்குச் செக்கனுக்கு 33 மீற்றர், பேரிடருக்குப் பிறகும் நின்றாக வேண்டிய அமைப்புகளுக்கு 38. அம்புலன்சை அழைக்கும் தொலைபேசி எந்தக் கம்பத்தை நம்பியிருக்கிறதோ, அந்தக் கம்பம் இரண்டாவது வகையைச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 33 ஐ 38 ஆக்கினால் விசை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. தண்ணீர்த் தாங்கிக்கும் துணிக்கொடிக்கும் மட்டும் கணக்கிட்ட பழைய தட்டு அதைத் தாங்குமா என்று பட்டயப் பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரம் இல்லாதபோது கோபுரத்துக்காக ஓடும் ஜெனரேட்டரின் சத்தத்துக்கும் எல்லை உண்டு. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகரப் பகுதியில் மாலை 6 முதல் காலை 6 வரை 50 டெசிபலுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 2022 இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது கோபுரத்தடி ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு நான் காட்டிய வழி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவைத் தெரிவித்தாக வேண்டும். அனுமதிப்பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டமைப்பு அறிக்கை ஆகிய மூன்றின் பிரதிகளையும் கேட்டார்கள்.

பதில் உறை வந்த அன்று மாலை வரைபடத்தை மொட்டைமாடியில் விரித்து வைத்துப் பார்த்தோம். அதில் கம்பம் லிப்ட் அறைக்குப் பக்கத்திலுள்ள தூணின் உச்சியில், மிகச் சரியான இடத்தில் நின்றது. கூரையில் அது நின்ற இடம் அங்கிருந்து மூன்று மீற்றர் தள்ளி. பொருத்த வந்தவர்கள் கேபிளுக்கு வசதியான இடத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரதியோடு கடிதம் போன பிறகு நிறுவனம் கம்பத்தைத் தூணுக்கு மாற்றி, பழைய துளைகளை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தது.

அந்த அம்மா உட்கூரைக்கு இன்னும் வெள்ளை பூசவில்லை. கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுவதும் அது கோட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் பூசுவாராம்.