கருவூலம் ஏன் பில்லைத் திருப்பி அனுப்புகிறது?

அரசு அலுவலகங்களின் செலவு பில் எல்லாம் கணினி வழியாக வரத் தொடங்கிய பிறகும், மார்ச் கடைசி வாரத்தில் நான் வேலை பார்க்கும் கருவூலத்தின் வாசலில் கூட்டம் குறையவில்லை. அலுவலக எழுத்தர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, பொருளை சப்ளை செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவராவது கட்டாயம் கேட்பார்: “பணம் உள்ளேதானே சார் இருக்கு, எடுத்துக் குடுக்கிறதுக்கு என்ன?”

உள்ளே பணம் இல்லை. சொன்னால் நம்ப மறுப்பவர்களே அதிகம். இரும்புக் கதவு, காவலுக்குப் போலீஸ், இரண்டு பேர் இரண்டு சாவியோடு வந்தால் மட்டும் திறக்கும் இரட்டைப் பூட்டு, இவ்வளவும் இருந்தால் பணம்தானே இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. வங்கிக் கிளைகள் பரவாத காலத்தில் பல ஊர்களில் ரொக்கமும் அங்கேதான் இருந்தது. இன்று அந்தக் காப்பறையில் இருப்பவை பெரும்பாலும் முத்திரைத்தாள்கள், நீதிமன்றக் கட்டண வில்லைகள், மற்ற அலுவலகங்கள் பாதுகாப்புக்காக ஒப்படைத்த சீல் வைத்த உறைகள், பெட்டிகள்.

மாநில அரசின் பணம் ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. அதன் நாக்பூர் மத்தியக் கணக்குப் பிரிவுதான் மாநிலங்களின் கணக்கைப் பராமரிக்கிறது. அன்றாட இருப்பு போதாமல் போனால், வழிவகை முன்பணம் என்ற பெயரில் மாநிலம் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்குகிறது. அதற்கு வட்டி உண்டு. ஏதோ ஒரு அலுவலகம், மார்ச் 31 தாண்டினால் நிதி காலாவதியாகிவிடும் என்று பயந்து தேவைக்கு முன்பே பணத்தை எடுத்து வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால், அங்கே பணம் சும்மா கிடக்கும். இங்கே மாநிலம் வட்டி கட்டும். உடனே பட்டுவாடா செய்யத் தேவை இருந்தால் ஒழியப் பணம் எடுக்கக் கூடாது என்று கருவூல விதிகள் சொல்வது இதனால்தான். மார்ச் மாதம் அதிகம் மீறப்படும் விதியும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பணம் வேறிடத்தில் இருக்கிறதென்றால் கருவூலம் எதற்கு? அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. வரியும் கட்டணமும் கடனும் தொகுப்பு நிதி என்ற அரசின் பொதுப் பணப்பையில் சேர வேண்டும். சட்டத்தின்படி அல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகக் கூடாது. முதலமைச்சரே சொன்னாலும், சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றாத செலவுக்கு அந்தப் பணத்தைத் தொட முடியாது. வைப்புத்தொகை, வருங்கால வைப்பு நிதி போன்றவை அரசிடம் இருக்கும் அடுத்தவர் பணம். அவை பொதுக் கணக்கில் தனியாக நிற்கின்றன. புயல், வெள்ளம் என்று திடீர்ச் செலவு வந்தால் கைகொடுக்க 267-ஆவது பிரிவின்படி எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. அரசியலமைப்பில் எழுதிய இந்தக் கட்டுப்பாடு, தாலுகா அலுவலக வளாகத்தில் ஒரு கணக்கரின் மேசையில்தான் நடைமுறைக்கு வருகிறது.

அந்த மேசையில் நடப்பது இதுதான். பில்லில் கையெழுத்திட்டவர் அந்த அலுவலகத்துக்காகப் பணம் பெற்று வழங்கும் அதிகாரமுள்ள அலுவலர்தானா, என்ன செலவு என்று காட்டும் எண்ணான கணக்குத் தலைப்பு சரியா, அந்தத் தலைப்பில் அந்த அலுவலகத்துக்கு ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா, செலவை அனுமதித்த ஆணை இணைக்கப்பட்டிருக்கிறதா, அனுமதித்தவருக்கு அந்த அளவு அதிகாரம் உண்டா, பிடித்தங்கள் சரியா என்று பார்க்கிறோம். ஒன்று இடித்தாலும் ஆட்சேபணை எழுதிப் பில்லைத் திருப்பிவிடுவோம். எங்களுக்குக் கிடைக்கும் திட்டெல்லாம் இதற்காகத்தான். சில ஆட்சேபணைகள் சின்னத்தனமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே பில்லை மூன்று முறை மூன்று காரணம் சொல்லித் திருப்புவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். எல்லாக் குறையையும் முதல் தடவையே எழுதிவிட வேண்டும். ஆனால் ஒதுக்கீடு இல்லை என்று திருப்பிய பில்லுக்காக எங்களைக் கோபித்துப் பயனில்லை. எடுத்துக் கொடுக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரைப் பார்க்கலாம். கால்நடைத் துறை, வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலி பில் போட்டு, ஒதுக்கீட்டைத் தாண்டிப் பல ஆண்டுகள் பணம் எடுத்தது. 1996 ஜனவரியில், அப்போது பீகாரில் இருந்த சாயிபாசாவில் மாவட்ட நிர்வாகம் சோதனை நடத்தியபோதுதான் அது வெடித்தது. சாயிபாசா, தேவ்கர், தும்கா, டோரண்டா என்று வழக்குகளுக்கே கருவூலங்களின் பெயர்கள் வந்தன. சுமார் 37 கோடி ரூபாய் எடுக்கப்பட்ட சாயிபாசா வழக்கொன்றில், முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத் யாதவுக்கு 2013-இல் சிபிஐ நீதிமன்றம் தண்டனை விதித்தது. அரசியல் பெயர்கள்தான் செய்தியில் அதிகம் அடிபட்டன. தொழில்காரனான என் கண்ணுக்குப் படுவது வேறு: அத்தனை பில்லும் ஏதோ ஒரு கருவூல மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1962-இல்தான் கருவூலங்கள் வருவாய்த் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையாயின. அதற்கு முன் வரி வசூலும் பட்டுவாடாவும் ஒரே துறையின் கையில் இருந்தன. இன்றைக்கு நாங்களும் தனி ராஜ்ஜியம் அல்ல. மாதம்தோறும் கணக்கும் வவுச்சர்களும் மாநிலத்தின் கணக்கைத் தொகுக்கும், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகின்றன.

இனி, பொதுமக்கள் வழக்கமாக இடறும் இடங்கள்.

அரசுக்குப் பணம் கட்டும் செலானில் நான்கு இலக்கத்தில் தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதுதான் கணக்குத் தலைப்பு. 0029 என்றால் நில வருவாய், 0030 என்றால் முத்திரைத்தாளும் பதிவும். முதல் இலக்கம் பூஜ்ஜியமாக இருந்தால் அரசின் வருவாயாகப் போகிறது. 8-இல் தொடங்கினால் பெரும்பாலும் திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகை போன்றது. தவறான தலைப்பில் கட்டிவிட்டால் கருவூலத்துக்கு ஓடி வந்து கேட்டும் பலனில்லை. பணம் எந்தத் துறையின் கணக்கில் சேர்ந்ததோ அந்தத் துறைதான் திருப்பித் தரும் ஆணை போட வேண்டும். பணம் வரவானதற்கான சான்றை மட்டும்தான் நாங்கள் தர முடியும். கட்டும் முன் தலைப்பைத் துறையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், செலானின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

வீடு கட்டத் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழங்காசோ நகையோ கிடைத்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்குப் பிணை கொடுக்க வேண்டும். காப்பறைக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

ஓய்வூதியர்கள் விஷயம் இன்னும் முக்கியம். உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. முன்பு எல்லோரும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயிலில் வரிசையில் நின்றார்கள்; இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்யலாம். நேரில் வர முடியாதவர்கள் ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசின் இணைய வசதி வழியாக மின்னணு வாழ்நாள் சான்று கொடுக்கலாம். இதற்கு இடைத்தரகர் யாரும் வேண்டாம். “கருவூலத்திலிருந்து பேசுறோம், உங்க பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்க” என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். எந்தக் கருவூலமும் ஓடிபி கேட்காது. பேசியவரிடம் உங்கள் ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணும் வங்கி விவரமும் சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பணத்தை இழந்திருந்தால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஓய்வூதியர் இறந்துவிட்டால், துக்கத்தில் பல குடும்பங்கள் கருவூலத்துக்குச் சொல்ல மறந்துவிடுகின்றன. ஓய்வூதியம் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும், யாராவது ஏடிஎம் அட்டையில் எடுத்தும் விடுவார்கள். பிறகு அந்தத் தொகை பிடித்தம் செய்யப்படும். துணைவருக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியமும் இந்தக் கணக்குத் தீரும்வரை இழுபடும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இறந்த தேதியையும் கொடுப்பாணை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே அடுத்த மாத வரவை நிறுத்தி வைக்கலாம். சான்றிதழ், துணைவரின் வங்கிப் புத்தக நகல், புகைப்படம் எல்லாம் பிறகு கொண்டுவரலாம்.