திருப்பண்டம் என்றால் என்ன?

புனிதர் ஒருவரின் உடலில் எஞ்சிய எலும்பு, சாம்பல், முடி போன்றவையும், அவர் உடுத்திய துணி, கையாண்ட பொருள் ஆகியவையும் கத்தோலிக்க வழக்கில் திருப்பண்டம் எனப்படும். சில பங்குகளில், அதாவது ஊர்க் கோயில் சமூகங்களில், 'அருளிக்கம்' என்றும் சொல்கிறார்கள். திருவிழா நாளில் சிறிய கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மக்கள் முத்தமிடக் கொடுப்பார்களே, அதுதான்.

லத்தீனில் இதன் பெயர் ரெலிக்குவியே. 'விட்டுச் செல்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். கிரேக்கத்தில் லெய்ப்சானா. அதற்கும் 'எஞ்சியவை' என்றே பொருள். இரண்டிலும் புனிதம் என்ற கருத்து கொஞ்சமும் இல்லை. சாப்பாட்டில் மிஞ்சியதும் ரெலிக்குவியேதான், தோற்றுப்போன படையில் மிஞ்சிய ஆட்களும் ரெலிக்குவியேதான், இறந்தவரின் எலும்பும் சாம்பலும்கூட ரெலிக்குவியேதான். இவ்வளவு சாதாரணமான ஒரு சொல், சில நூற்றாண்டுகளில் பலிபீடத்துக்கு அடியில் போய் அமர்ந்துவிட்டது.

அந்த மாற்றத்தின் தொடக்கத்தை ஸ்மிர்னா நகரில் பார்க்கலாம். இன்றைய துருக்கியின் இஸ்மிர் அது. அங்கே ஆயராக (பிஷப்பாக) இருந்த முதியவர் பொலிக்கார்ப்பு, 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் நெருப்பிலிடப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சபையார் பிலோமேலியம் சபைக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. உடல் எரிந்து முடிந்தபின் எலும்புகளைச் சேகரித்தோம், அவை விலையுயர்ந்த கற்களைவிட அருமையானவை, பொன்னைவிட மேலானவை என்கிறார்கள். தகுந்த இடத்தில் வைத்து, ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய 'பிறந்தநாளை'க் கொண்டாடப்போவதாகவும் சொல்கிறார்கள். பிறந்தநாள் என்று அவர்கள் சொல்வது அவர் இறந்த நாளை! கிறிஸ்துவைத் தொழுகிறோம், சாட்சியாக மரித்தவர்களை அவருடைய சீடர்கள் என்பதால் நேசிக்கிறோம் என்றும் அதே கடிதம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பிற்காலத்துத் திருச்சபைச் சங்கங்கள், அதாவது ஆயர்களின் பேரவைகள், பேசித் தீர்த்த விஷயத்தின் விதை இந்தக் கடிதத்திலேயே கிடக்கிறது.

இது ரோம உலகத்துக்கு எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது அவர்களுடைய பழைய சட்டம். யூத மரபிலும் பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு. கிறிஸ்தவர்களோ கல்லறைகளைத் தேடிப் போய் விளக்கேற்றினார்கள், அவற்றின்மேல் ஆலயமும் கட்டினார்கள். எலிசாவின் எலும்பு பட்டதும் செத்தவன் உயிர்த்தான் என்று 2 அரசர்கள் 13:21 சொல்வதையும், பவுலின் உடலில் பட்ட துணிகளால் நோயாளிகள் குணமானார்கள் என்று திருத்தூதர் பணிகள் 19:12 சொல்வதையும் இதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

4-ஆம் நூற்றாண்டில் எலும்புகள் பயணம் புறப்பட்டன. அந்திரேயா, லூக்கா, திமொத்தேயு ஆகியோருடைய எச்சங்கள் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) போயின. 386-இல் மிலான் ஆயர் அம்புரோசு, கெர்வாசியு, புரோத்தாசியு என்ற இரு மறைசாட்சிகளின் (நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின்) உடல்களைக் கண்டெடுத்துத் தம் ஆலயப் பலிபீடத்தின்கீழ் வைத்தார். அதே ஆண்டில் பேரரசன் தியடோசியுஸ், மறைசாட்சிகளின் எச்சங்களை விற்கவோ வாங்கவோ கூடாதென்று சட்டம் போட்டான். விற்றவர்கள் இருந்ததால்தானே சட்டம் தேவைப்பட்டது. நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இந்தக் காலத்ததே: இயேசுவின் சீடர் தோமாவின் எலும்புகளை இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் எதெசா நகருக்குக் கொண்டுவந்தார் என்று சிரியக் கவிஞர் எபிரேம் பாடியிருக்கிறார். சென்னை சாந்தோமில் உள்ள தோமாவின் கல்லறை வரலாற்றைப் பேசுபவர்கள் இந்தப் பாடலைத் தாண்டிப் போக முடியாது.

எதிர்ப்பும் உள்ளிருந்தே வந்தது. கால் நாட்டு (இன்றைய பிரான்ஸ்) குரு விஜிலான்சியு, துணியில் சுற்றிய பிடி தூசியை ஏன் முத்தமிடுகிறீர்கள், பட்டப்பகலில் ஏன் மெழுகுதிரி ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த எரோணிமு 406-இல் அவருக்குக் காட்டமாகப் பதில் எழுதினார். பதிலில் வசை அதிகம். ஆனால் எரோணிமு வேறொரு கடிதத்தில் சொன்ன கருத்துதான் நிலைத்தது: ஊழியர்களுக்குத் தரும் மரியாதை அவர்களுடைய ஆண்டவரைச் சேரும்.

787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், கடவுளுக்கு மட்டும் உரியதை லாத்ரேயா என்றும், திருவுருவங்களுக்கும் மற்றப் புனிதப் பொருள்களுக்கும் தரும் மரியாதையைப் புரோஸ்கினேசிஸ் என்றும் பிரித்தது. அந்தச் சங்கத்தின் ஏடுகளை லத்தீனில் பெயர்த்தபோது இந்த வேறுபாடு மங்கிவிட்டது. பிராங்கு அரசன் சார்லமேன் அவையின் இறையியலாளர்கள் அதைப் படித்துக் கொதித்தார்கள். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் வேண்டியதில்லை. கடவுளுக்கு 'ஆராதனை', புனிதருக்கும் திருப்பண்டத்துக்கும் 'வணக்கம்' என்ற பாகுபாடு கத்தோலிக்கத் தமிழில் முன்பே ஊன்றியிருக்கிறது. 'திருப்பண்ட வழிபாடு' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். வழிபாடு என்ற சொல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும்.

புனிதர் என்பது இப்போதைய சொல். பழைய செபப் புத்தகங்களில் 'அர்ச்சியசிஷ்டவர்' என்றும், சுருக்கமாக 'அர்ச்.' என்றும் இருக்கும். மார்ட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சாட்சி' என்றே பொருள் என்பதால் வேதசாட்சி, மறைசாட்சி, சீர்திருத்த சபைகளின் இரத்தசாட்சி ஆகிய மூன்றும் மூலத்துக்கு உண்மையானவை.

சரி, திருப்பண்டம் பொருத்தமான சொல்தானா? பண்டம் என்றால் பொருள், சரக்கு. 'திரு' சேர்ந்ததும் பாதுகாத்து வைக்கும் செல்வம் என்றாகிறது. ஸ்மிர்னாக் கடிதத்தின் பொன்னும் மணியும் இந்தச் சொல்லில் ஒலிக்கின்றன. ஆனால் 'விட்டுச்சென்றது' என்ற மூலப்பொருள் இதில் இல்லை. அதற்கு நேர்ச்சொல் எச்சம். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்ற குறளில் அது எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது! இன்று எச்சம் என்றதும் பறவை எச்சம் நினைவுக்கு வருவதால் ஆலயத்தில் அது எடுபடாது. பௌத்தத்தில் புத்தரின் எலும்பு, பல் முதலியவற்றுக்குத் 'தாது' என்று பெயர். இலங்கைத் தமிழர்களுக்குப் பழகிய சொல்தான், என்றாலும் அது அந்தச் சமயத்துக்கே உரியதாகிவிட்டது. எனவே வழிபாட்டு நூலிலும் அறிவிப்பிலும் திருப்பண்டமே இருக்கட்டும். வரலாறு எழுதும்போது 'உடல் எச்சம்' என்று தயங்காமல் எழுதலாம். எலும்புதான் என்று தெரிந்தால் எலும்பு என்றே எழுதலாம், ஸ்மிர்னாக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.