கறுப்பு பெயிண்ட் ஏன் இவ்வளவு சுட வேண்டும்?

கரண்ட் எதுவும் இல்லாமல், நடுப்பகல் வெயிலில் கிடந்தபடியே சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து நிற்கும் ஒரு பரப்பை 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் செய்துகாட்டினார்கள். ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி ஏழு அடுக்கு, அதற்கு அடியில் வெள்ளி. வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி கீழே நின்றது.

எல்லாப் பொருளும் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை மட்டும் காற்று பெரிதாகத் தடுப்பதில்லை, அவை நேராக விண்வெளிக்குப் போய்விடும். இந்த ஜன்னல் வழியே ஒரு சதுர மீட்டர் பரப்பு இழக்கக்கூடியது நல்ல வானிலையில் சுமார் 100 வாட். உச்சி வெயிலோ அதே இடத்தில் 1000 வாட் கொட்டுகிறது. அதாவது வெயிலில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினாலே சம்பாதித்தது அத்தனையும் போச்சு. 2021-ல் பர்டூ பல்கலைக்கழகம் பேரியம் சல்ஃபேட்டை வைத்து 98.1 சதவீதத்தைத் திருப்பும் வெள்ளை பெயிண்ட் வரைக்கும் போனது இதனால்தான்.

சரி, ஆனால் காரும் சுவரும் கூரையும் துணியும் எல்லாமே வெள்ளையாக இருக்க யார் சம்மதிப்பார்கள்? நிறம் வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கித்தான் ஆக வேண்டும், அந்த அளவுக்குச் சூடும் ஏறும், இதை முழுதாகத் தவிர்க்க வழி கிடையாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: சூரிய ஆற்றலில் பாதிக்கு மேல் நம் கண்ணுக்கே தெரியாத அண்மை அகச்சிவப்பில் இருக்கிறது. அதை விழுங்கினாலும் திருப்பினாலும் நிறத்தில் துளி வித்தியாசம் தெரியாது. சாதாரணக் கறுப்பு பெயிண்டில் இருக்கும் கார்பன் கரி அதையும் சேர்த்து விழுங்குகிறது, நிறத்துக்குத் தேவையே இல்லாத சூடு அது.

கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2020-ல் இதற்கு இரண்டு கோட் போட்டது. மேலே மெல்லிய நிறப் பூச்சு, தனக்கு வேண்டிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விட்டுவிடும். கீழே இருக்கும் வெள்ளைப் பூச்சு அந்த அகச்சிவப்பைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். பலமான வெயிலில், அதே நிறத்துக் கடை பெயிண்டைவிட 3 முதல் 15.6 டிகிரி வரை சூடு குறைவு. பெயிண்டராக இருந்தால் உடனே புரியும், வேலை அதே வேலைதான், அடிக்கோட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

இன்னொரு வழி நம் கண்ணின் குறையைப் பயன்படுத்துவது. செல்போன் திரையில் தெரியும் மஞ்சளில் மஞ்சள் ஒளியே இல்லை, சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணை அப்படி நம்ப வைக்கின்றன. ஒரே நிறத்தைப் பலவிதமான ஒளிக் கலவைகளால் காட்ட முடியும் என்பதால், அவற்றில் எது மிகக் குறைவாகச் சூடேற்றுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். மஞ்சளுக்கு நீலப் பகுதியில் குறுகலாக ஒரு வெட்டு விழுந்தால் போதும். விழுங்கிய ஒளியில் கொஞ்சத்தை ஒளிர்வாகத் திருப்பிக் கொடுக்கும் சாயங்களும் உண்டு, அந்த அளவுக்கு வெப்பம் மிச்சம்.

ஆனாலும் கறுப்பு கறுப்புதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் விழுங்கும் பரப்புக்குள் சதுர மீட்டருக்கு 400 வாட்டுக்கு மேல் இறங்கும், 100 வாட் வெளியேற்றத்தால் அதை ஈடுகட்டவே முடியாது. நண்பகலில் காற்றைவிடக் குளிரும் கறுப்பு பெயிண்ட் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வெளிர் நிறங்களில் மட்டும்தான் அந்த வாய்ப்பு.

அப்புறம், ஊரும் முக்கியம். சென்னை மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் நீராவி அந்த 8–13 மைக்ரோமீட்டர் ஜன்னலைப் பாதி மூடிவிடுகிறது, வானத்துக்கு அனுப்பும் வெப்பம் குறைந்துபோகிறது. அகச்சிவப்பு வெயிலைத் திருப்பியடிக்கும் வேலைக்கோ அந்தப் புழுக்கம் பெரிய தடை இல்லை, அதனால் இந்த ஊர்களில் நிறப் பூச்சு வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அது மொத்த வெயிலில் எத்தனை சதவீதத்தைத் திருப்புகிறது என்பதைத்தான்.