ஓப்பன் சோர்ஸ்: ஓசியா, கட்டற்றதா, திறமூலமா?

கார்த்திகை மாதம் ஒரு நாள், காரைக்குடி செக்காலைப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டுக் கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். பத்து வயதைத் தாண்டிய மேசைக்கணினி. சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பது, பழைய பாட்டுக் கேட்பது, வீட்டுக் கணக்கு எழுதி வைப்பது, இவ்வளவுதான் அதற்கு வேலை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பெட்டியில் ஏறாது. பெட்டியோ இன்னும் ஐந்து வருடம் ஓடும். சரி என்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

"இதுக்கு எவ்வளவு தம்பி?"

"இதுக்குக் காசு இல்ல ஆச்சி. ஓப்பன் சோர்ஸ்."

"ஓசியா? ஓசின்னா வேண்டாம் தம்பி. முதல்ல சும்மா குடுப்பான், அப்புறம் வந்து கேப்பான்."

வட்டிக் கணக்கில் பல தலைமுறை கண்ட ஊரில் இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், யாரும் உள்ளே படித்துத் திருத்தலாம் என்று தரப்படும் மென்பொருளுக்கு ஓப்பன் சோர்ஸ் என்ற சொல் பிறந்ததே ஆச்சி கேட்ட அந்தக் கேள்வியால்தான். இது ஓசியா?

முதலில் ஓசியைப் பார்த்துவிடுவோம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலாக அனுப்பிய தபாலுக்குக் கட்டணம் கிடையாது, 'கம்பெனி அலுவல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளை உறைமேல் குத்தியிருப்பார்கள், அந்த ஓ.சி.தான் ஓசி ஆனது என்று பரவலாகச் சொல்வார்கள். கதையோ நிஜமோ, சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டது. ஓசிச் சோறு, ஓசிப் பேப்பர், ஓசிப் பயணம். மதிப்புள்ள எதையும் நாம் ஓசி என்பதில்லை. இலவசம் கொஞ்சம் மரியாதையான சொல். ஆனாலும் அதுவும் விலையைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' அப்படியில்லை. ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. காசில்லாதது என்பது ஒன்று, தடையில்லாதது என்பது இன்னொன்று. அதன் வேருக்குப் போனால் 'அன்புக்குரிய' என்ற பொருள் இருக்கிறது. அடிமையாக இல்லாமல் நம் கூட்டத்தில் ஒருவனாக இருப்பவன் என்பதிலிருந்து விடுதலை என்ற பொருள் வளர்ந்தது. நாம் வடமொழி வழியாக வாங்கி, 'பிரியமா இருக்கான்' என்று சொல்கிறோமே, அந்தப் பிரியமும் இதே வேரில் கிளைத்ததுதான். காசில்லை என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இந்த இரட்டைப் பொருள்தான் வம்பை இழுத்தது. அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகம் ஒன்றில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கு, 1980 வாக்கில் ஒரு லேசர் அச்சுப்பொறியால் தலைவலி. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி போகும்படி மென்பொருளில் நாலு வரி சேர்க்க நினைத்தார். மூலத்தை, அதாவது அந்த மென்பொருளை எழுதிய வரிகளை, கேட்டார், கிடைக்கவில்லை. பழைய அச்சுப்பொறியில் அதே மாற்றத்தை அவரே செய்திருந்தார் என்பதுதான் எரிச்சல். 1983 செப்டம்பரில், யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஓர் அறக்கட்டளை, 1989இல் ஜிபிஎல் என்ற உரிமம். ஒரு மென்பொருளை எதற்கும் ஓட்டிப் பார்க்க, அதன் உள்ளே படித்துத் திருத்த, படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்க, திருத்தியதையும் கொடுக்க என்று நான்கு சுதந்திரங்களை அவர் வகுத்தார். முதலில் மூன்றுதான் இருந்தன, ஓட்டிப் பார்க்கும் சுதந்திரத்தைப் பிறகு முன்னால் சேர்த்ததால் அதற்குப் பூச்சியம் என்று எண் கொடுத்தார். விலையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் அவர் வைத்த 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற பெயரில் 'ஃப்ரீ' இருந்தது. கம்பெனிக்காரர்கள் காதில் அது ஓசி என்றே விழுந்தது.

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலத்தை வெளியிடப்போவதாக அறிவித்தது. தொழில் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த நேரம். பிப்ரவரி 3 அன்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் கூடிப் பேசினார்கள். 'ஃப்ரீ' என்று சொல்லும்போதெல்லாம் 'விலையைச் சொல்லவில்லை' என்று விளக்கிக்கொண்டே இருக்க முடியாது, வேறு பெயர் வேண்டும் என்பது அவர்கள் கவலை. கிறிஸ்டின் பீட்டர்சன் என்பவர் யோசித்து வைத்திருந்த பெயர்தான் ஓப்பன் சோர்ஸ். அந்த மாதமே எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்சும் ஓஎஸ்ஐ (ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்டால்மேன் ஏற்கவில்லை. சுதந்திரம் என்ற பேச்சையே இந்தப் பெயர் ஓரங்கட்டுகிறது என்றார். இன்றுவரை அந்தப் பங்காளிச் சண்டை ஓயவில்லை.

ஆக, இது ஆங்கிலத்துக்கு வந்த நோய்க்கு ஆங்கிலத்தில் கண்டுபிடித்த மருந்து. நமக்கு அந்த நோயே கிடையாது. விலைக்கு இலவசம், ஓசி, சும்மா என்று மூன்று சொல் இருக்கின்றன. தடைக்குக் கட்டு இருக்கிறது. அதனால்தான் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திலும் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று நிம்மதியாக எழுத முடிந்தது. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் கட்டற்ற மென்பொருள் என்றே எழுதிப் பழக்கியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் நாளிதழ்களில் 'இலவச மென்பொருள்' என்று பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லாத நோயை இறக்குமதி செய்கிறோம்.

கட்டற்ற என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு, அது எங்கள் ஊர்ச் சங்கடம். ஆச்சியிடம் "ஓசி இல்ல ஆச்சி, கட்டற்ற மென்பொருள்" என்று சொல்லிப் பார்த்தேன். "கட்டு இல்லாம என்ன வீடு தம்பி?" என்றார். செட்டிநாட்டு வீட்டில் கட்டு என்றால் வேறு. முகப்பைத் தாண்டி வளவு இருப்பது முதல் கட்டு, அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படிக்கு மூன்றாம் கட்டு. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற வீடுகள். எத்தனை கட்டு என்பதில்தான் கௌரவம். அவர்களிடம் போய்க் கட்டற்ற என்றால் குடிசை என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்! ஆனால் சொல் என்னவோ கெட்டிதான். பிணைப்பது கட்டு, எழுப்புவது கட்டு, பணம் செலுத்துவதும் கட்டுவதுதான். கட்டுப்பாடு, கட்டணம் எல்லாம் அந்த அடியில் வந்தவை. கட்டற்ற என்றால் முதலில் பிணைப்பில்லாதது. உற்றுக் கேட்டால் கட்டணமில்லாததும் லேசாகக் காதில் விழும். இந்த அளவு இரட்டைப் பொருளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி சோர்ஸுக்கு வருவோம். மென்பொருளை எழுதுகிறவர், மனிதர் படிக்கக்கூடிய வரிகளாகத்தான் எழுதுகிறார். அதை இன்னொரு மென்பொருள் பொறிக்குப் புரியும் ஒன்று–சுழிய வரிசையாக மாற்றுகிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது இந்த இரண்டாவதுதான். ஓட்டலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது. முதலில் எழுதிய வரிகளுக்குத் தமிழில் மூலநிரல் என்று பெயர். நிரல் புதுச்சொல் இல்லை. வரிசை என்ற பொருளில் இலக்கணம் படித்தவர்கள் நிரல்நிறையில் சந்தித்திருப்பார்கள்.

ஆங்கிலச் சோர்ஸ், பழைய பிரெஞ்சு வழியாக, 'எழு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தரையிலிருந்து எழும் நீர், அதாவது ஊற்று. இதைப் பிடித்துக்கொண்டு 'திறவூற்று' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகான சொல், பிறப்புக்கும் பொருந்துகிறது. மறுக்கவில்லை. ஆனால் லத்தீன்காரன் தண்ணீரை நினைத்தான் என்பதற்காகக் காரைக்குடிக்காரனும் தண்ணீரை நினைக்க வேண்டுமா? எங்களுக்கு மூலம் என்றால் மூலப்பத்திரம். ஒரு வீட்டை விலைபேசினால், கடைசிக் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்து யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். இவருக்கு எப்படி வந்தது, அவருக்கு யார் கொடுத்தது, இடையில் எந்தப் பங்காளி கையெழுத்துப் போடவில்லை என்று மூலப்பத்திரம்வரை போய்ப் பார்ப்பார்கள். பார்க்கத் தராதவரிடம் வாங்க மாட்டார்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதோட மூலப்பத்திரத்தை யார் வேணும்னாலும் எடுத்துப் படிக்கலாம் ஆச்சி." உடனே பிடித்துக்கொண்டார்.

மூலத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எல்லாருக்கும் தெரிந்ததே. பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் இருக்கும்வரை திறந்த மூலம் என்று மேடையில் சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு வரத்தான் செய்யும். வரட்டும். மூலவர், மூலஸ்தானம், மூலிகை எல்லாம் அந்தச் சிரிப்பைத் தாங்கித்தான் நிற்கின்றன.

என் பிரச்சினை மூலத்தில் இல்லை, 'திறந்த'வில் இருக்கிறது. திறந்த என்பது இறந்தகாலப் பெயரெச்சம். ஒருமுறை திறந்தது, இப்போது எப்படியோ! இது வெறும் இலக்கணக் குசும்பு இல்லை. 2024இல் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உரிமத்தை அதன் நிறுவனம் மாற்றி இறுக்கியது. பழைய உரிமத்தில் வெளிவந்த மூலத்தை எடுத்து வால்கீ என்று தனியே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். இப்படி மூலத்தை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவது புதிதில்லை. 2010இல், கடிதமும் கணக்கும் எழுத உதவும் ஓப்பன் ஆபீசிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்ததும் அப்படித்தான். ஒருவர் கதவைச் சாத்தினாலும், ஏற்கெனவே திறந்து கொடுத்ததைத் திரும்பப் பறிக்க முடியாது. நேற்றும் இன்றும் நாளையும் திறந்திருப்பதைச் சொல்ல, தமிழில் வினைத்தொகை என்று ஒன்று இருக்கிறதே, சுடுசோறு, ஊறுகாய் போல. ஆகவே திறமூலம். 'திற'வை வைத்து வினைத்தொகை அமைப்பது இயல்பா என்று தமிழாசிரியர்கள் மல்லுக்கு நிற்கலாம், திறம் + மூலம் என்றும் பிரித்துப் படிக்கலாம். இரண்டையும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

திறந்திருந்தால் நிபந்தனை இருக்காது என்று நினைப்பது இன்னொரு தவறு. எங்கள் ஊர்களில் ஊருணி எல்லாருக்கும் பொது. குடிநீர் ஊருணியில் யாரும் குடம் முக்கலாம், ஆனால் காலை வைத்துக் கழுவக் கூடாது. ஜிபிஎல் அந்த மாதிரி. எடுத்துத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால், அதே உரிமத்தில் மூலத்தோடு கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு அளிப்புரிமை என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் வேறு வகை. லாரி வைத்து அள்ளிப் போத்தலில் அடைத்து விற்றாலும் கேட்பாரில்லை, தோண்டியவர் பெயரைப் போட்டால் போதும். ஆப்பிளின் மேக் கணினிகளுக்குள் பிஎஸ்டி வழி வந்த பகுதிகள் நிறைய இருக்கின்றன. இரண்டும் திறமூலம்தான். எனக்கு ஊருணிக் கட்சி பிடிக்கும், ஆனால் அடுத்த கட்சிக்காரரோடு சண்டை போடுமளவுக்கு இல்லை.

பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்வதுதான் இப்போது பெரிய தொல்லை. ஓப்பன் சோர்ஸ் என்ற தொடரை வணிகக்குறியாகப் பதிய ஓஎஸ்ஐ முயன்றது. பொதுச்சொல்லாக இருப்பதால் முடியவில்லை. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை வேறிடத்தில் நெய்து அந்தப் பெயரில் விற்க முடியாது. 'செட்டிநாடு சிக்கன்' என்று எழுத யாரையும் கேட்க வேண்டாம், நெடுஞ்சாலையில் பத்துக் கடைக்கு ஒரு கடை செட்டிநாடு. ஓப்பன் சோர்ஸுக்கு வாய்த்தது சிக்கனின் விதி. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இறக்கிக்கொள்ள விட்டுவிட்டு, இன்னாருக்கு ஆகாது, இன்ன வேலைக்கு ஆகாது என்று நிபந்தனையும் போட்டுவிட்டு, ஓப்பன் சோர்ஸ் என்று பலகை மாட்டுகிறார்கள். அதற்கென்று தனி வரையறையை ஓஎஸ்ஐ 2024 அக்டோபரில் வெளியிட்டது. பலகை மாட்டுகிறவர்கள் கேட்டால்தானே!

நான் லினக்ஸ் பக்தன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மேசையிலும் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது. தணிக்கையாளர் கொடுக்கும் மின்னணுக் கையெழுத்து டாங்கிளும் சில கணக்கு மென்பொருள்களும் அதில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. மறுபக்கம், 'லினக்ஸெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பேசுகிறவர்கள், அந்தக் கைப்பேசியின் கருவே லினக்ஸ் என்பதை அறிந்தால் என்ன சொல்வார்களோ. எனக்கு மூலத்தின் அருமையை உணர்த்தியது ஒரு கல்யாணப் பத்திரிகை. தனக்கென்று தனி எழுத்துக் குறியாக்கம் வைத்திருந்த ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்த கடை மூடிவிட்டது, எழுத்துருவும் போனது. கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை. அந்தக் குறியாக்கத்தின் விவரம் வெளியே கிடைக்காததால், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தேன்.

சரி, வழக்குக்கு வருவோம். சுதந்திரத்தைப் பேசும் இடத்தில் கட்டற்ற மென்பொருள் என்று எழுதுங்கள். மூலம் கிடைக்கிறது, உரிமம் இடம் கொடுக்கிறது என்று தொழில்நுட்பமாகச் சொல்லும் இடத்தில் திறமூலம். பேச்சில் ஓப்பன் சோர்ஸ் என்றே சொன்னாலும் குடி முழுகாது. இலவச மென்பொருள் என்பதை, மூலம் தராமல் சும்மா மட்டும் தருகிறவற்றுக்கு ஒதுக்கிவிடலாம், அப்படியும் ஏராளம் இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளை விற்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் இல்லை. அதைப் போட்டுக் கொடுத்ததற்குக் கூலி வாங்கவும் தடையில்லை. நானும் வாங்கினேன்.

ஆச்சி நானூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, புதிதாகப் போட்ட லிப்ரே ஆபீசை நம்பாமல், அலமாரியிலிருந்து நீளவாக்குக் கணக்கு நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கம்ப்யூட்டர் மூலப்பத்திரம் பார்த்த வகையில், தம்பிக்கு, 400.'